முதல் சுற்றும் பெண்கள் ஓட்டும்

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா இரண்டாம் அலை. ஞாயிறு முழு ஊரடங்கு. திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் கறிக்கடைகூடத் திறக்கவில்லை. வீட்டில் காலை ஏழரைக்கே டிவி ஓட ஆரம்பித்துவிட்டது. எட்டு மணிக்குத் தபால் வாக்குகள், எட்டரைக்கு மேல் இயந்திரங்கள். அப்பா நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பழைய நோட்டை விரித்து வைத்திருந்தார். 1977-லிருந்து அவருக்கு இந்தப் பழக்கம். அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

முதல் சுற்று முன்னிலைகள் வரத் தொடங்கியதும் திரையில் நான்கு ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். இன்னும் பாதித் தொகுதிகளில் ஒரு சுற்றுகூட முடிந்திருக்காது. அதில் ஒருவர், இது முழுக்கப் பெண்கள் ஓட்டு, ஆயிரம் ரூபாய் நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “இவனுக்கு யாரு சொன்னா?”

“எல்லாம் கணக்கு இருக்கும்மா,” என்றார் அப்பா.

“என்ன கணக்கு? நான் யாருக்குப் போட்டேன்னு உங்களுக்கே தெரியாது. அவனுக்கு எப்படித் தெரியும்?”

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அம்மாவின் அந்தக் கேள்வியை நான் அதற்குப் பிறகு பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஊடகங்களை வாசிப்பது எப்படி என்று மாணவிகளுக்கு ஒரு தாள் முழுக்கப் பாடம் நடத்துகிறோம். அதன் சாரம் அவ்வளவுதான் என்று சில சமயம் தோன்றுகிறது.

கணக்கு என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். வாக்கு எண்ணும் இடத்தில் ஒரு தொகுதிக்கு வழக்கமாக 14 மேசைகள். ஒரு சுற்றுக்கு 14 வாக்குச்சாவடிகளின் இயந்திரங்கள் வரும். அவை சாவடி எண் வரிசைப்படி வரும். ஆகவே முதல் சுற்று என்பது தொகுதியின் மனநிலை அல்ல, பட்டியலில் முதலில் எண் பெற்ற சில தெருக்களின் கணக்கு. இயந்திரம் எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று மட்டும் சொல்லும். பொத்தானை அழுத்திய விரலில் வளையல் கையா, கடிகாரக் கையா என்று அதற்குத் தெரியாது. எத்தனை பெண்கள் வாக்களித்தார்கள் என்பது சாவடி அதிகாரியின் குறிப்பில் இருக்கும். யாருக்கு என்பது இருக்காது. பிறகு வெளியாகும் படிவம் 20-லும் சாவடிவாரியாக ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கும் இருக்கும். ஆண், பெண் என்று ஒரு கட்டம் கிடையாது.

ஒரே ஒரு இடுக்கு உண்டு. தமிழ்நாட்டின் வாக்குச்சாவடிப் பட்டியலில் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்: ‘அனைத்து வாக்காளர்கள்’, ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று சாவடியின் வகை போட்டிருக்கும். பெண்களுக்கு மட்டுமான சாவடி இருக்கும் இடத்தில் அந்தத் தெருப் பெண்களின் கணக்கு தனியாகத் தெரிந்துவிடும். ஆய்வாளருக்கு அது வரம். அந்தத் தெருப் பெண்களுக்கு அப்படியல்ல. வட்டச் செயலாளரும் அதே தாளைத்தான் பார்க்கிறார். சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. இயந்திரம் வந்தபின் அது போயிற்று. வாக்குகளைச் சேர்த்துக் கூட்டும் கருவி ஒன்றைத் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தும் ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

ஆக, காலை ஒன்பது மணிக்கு ‘பெண்கள் ஓட்டு’ என்று சொல்பவர் முன்னால் எந்த எண்ணும் இல்லை. அவர் எண்ணை வாசிக்கவில்லை, பெண்ணை வாசிக்கிறார். பெண் என்றால் எதற்கு மயங்குவாள், எதற்கு நன்றி காட்டுவாள் என்று அவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. முதல் சுற்று அந்தப் படத்தை மாட்ட ஒரு ஆணி.

இதைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஆவடித் தொகுதியைவிட நல்ல இடம் கிடையாது. 2016-இலும் 2021-இலும் இங்கே மோதியவர்கள் அதே இரண்டு பேர்: அ.தி.மு.க.வின் க. பாண்டியராஜன், தி.மு.க.வின் சா.மு. நாசர். முகம் மாறவில்லை, சின்னம் மாறவில்லை, சுவரெழுத்துகூட அதே சுவர்களில்தான். 2016-இல் பாண்டியராஜன் 1,395 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்று எங்கள் வீட்டில் கடைசிச் சுற்றுவரை யாரும் சாப்பிடவில்லை. 2021-இல் நாசர் 55 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் ஜெயித்தார். வேட்பாளரின் கவர்ச்சிதான் ஓட்டை இழுக்கிறது என்றால் ஐந்து வருடத்தில் ஒருவருக்கு அது இப்படி வற்றி, இன்னொருவருக்கு இப்படிப் பெருகியது எப்படி?

2016-க்கு டிவி சொன்ன விளக்கம், அம்மா மீது பெண்களுக்கு உள்ள பாசம். 2021-க்குச் சொன்னது ஆயிரம் ரூபாய். இரண்டும் வேறு வேறு விளக்கம்போலத் தெரியும். இரண்டிலும் பெண் ஒருத்தியேதான்: முதலில் மனம் உருகுகிறாள், பிறகு கை நீட்டுகிறாள். ஒரு தடவைகூட அவள் யோசிக்கவில்லை.

இந்த இரண்டு தேர்தல்களுக்கும் நடுவில் இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று எந்த மேசையிலும் பேசவில்லை. 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்தார், ஒரே வாரத்தில் வர்தா புயல். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பணமதிப்பிழப்பு. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் சேர்த்துவைத்த ஐநூறு ரூபாய்த் தாள்களைப் புருஷனிடமே எடுத்துக் காட்டவேண்டிய அவமானம். 2019 கோடையில் சென்னைக்கே தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும், பெண்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், லாரி ராத்திரி ஒரு மணிக்கு வரும். 2020-இல் ஊரடங்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் சித்திக்கு இரண்டு மாதம் சம்பளம் இல்லை. குழுக் கடன் தவணை கேட்டு மட்டும் ஆள் வந்தது. 2021 மார்ச்சில் சிலிண்டர் 800 ரூபாய்க்கு மேல் இருந்தது. இவ்வளவையும் உடம்பால் கடந்து வந்தவள் சாவடிக்குள் போய்ப் பொத்தானை அழுத்துகிறாள். வெளியே இருப்பவர் சொல்கிறார், ஆயிரம் ரூபாய்க்காக என்று.

அந்தப் பணத்தின் கதையையே சரியாக வாசிக்கலாமே. மார்ச் 7 அன்று திருச்சிக் கூட்டத்தில் ஸ்டாலின் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார். மறுநாள், மகளிர் தினத்தன்று, எடப்பாடி பழனிசாமி 1,500 என்றார். வீட்டு வேலைக்கு ஊதியம் என்ற பேச்சை அதற்கு முன்பே கமல்ஹாசன் எடுத்திருந்தார். பெண்கள் பணத்துக்குத்தான் விழுவார்கள் என்றால் 1,500 அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியையும் முதலில் கேட்டது நான் அல்ல, சித்தி. “ஐநூறு ரூபா அதிகம் குடுக்கிறேன்னு சொன்னவரை விட்டுட்டு வந்திருக்கோம்னா எங்களுக்குப் புத்தி இல்லைன்னு அர்த்தமா, இருக்குன்னு அர்த்தமா?”

சொற்களையும் பாருங்கள். 1,500-க்கு வைத்த பெயர் குலவிளக்குத் திட்டம். குலவிளக்கு! யாருடைய குலம், அணைந்தால் யார் திட்டுவார்கள் என்றெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மற்றவர்களின் ‘குடும்பத் தலைவி’யும் பெரிய முன்னேற்றம் இல்லை. தேர்தல் முடிந்த சில வாரங்களில் ரேஷன் அட்டையில் தலைவர் பெயரையும் படத்தையும் மாற்றப் பெண்கள் அலைந்ததும், அதற்குத் தேவையில்லை என்று அரசு விளக்கம் சொன்னதும் நினைவிருக்கலாம். தனியாக வாழும் பெண், திருநங்கை, மாமியார் பெயரில் அட்டை உள்ள வீட்டு மருமகள், இவர்களெல்லாம் எந்தக் குடும்பத்துக்குத் தலைவி? கடைசியில் 2023 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோது அதன் பெயர் ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று வந்தது. 1 கோடியே 6 லட்சம் பெண்கள் பயனாளிகள். உரிமை என்ற சொல் அந்தப் பெயரில் இருப்பது எனக்கு உண்மையிலேயே முக்கியம். ஆனால் மேடையும் டிவியும் அதை இன்னும் நன்றிக் கணக்கில்தான் எழுதுகின்றன. கட்டணமில்லாப் பேருந்தை ‘ஓசி’ என்று ஒரு அமைச்சரே மேடையில் சொல்லிப் பிறகு சமாளிக்க வேண்டிவந்தது. பெட்ரோல் விலைக் குறைப்பை யாராவது ஓசி என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

பாசம் என்ற விளக்கத்துக்கு வருகிறேன். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரில் பார்த்தோம். ஜெயலலிதா மறைவால் வந்த இடைத்தேர்தல். பன்னீர்செல்வம் அணியின் பிரசார வண்டியில் கொடி போர்த்திய சவப்பெட்டியும் அதற்குள் ஜெயலலிதாவின் உடல்போலச் செய்த பொம்மையும் வந்தன. அந்தப் பிரசாரத்தில் எங்கள் ஆவடி எம்.எல்.ஏ. பாண்டியராஜனும் இருந்தார். எதிர்ப்பு வந்ததும் வண்டியை எடுத்துவிட்டார்கள்; பணப் பட்டுவாடா புகாரில் அந்தத் தேர்தலே ரத்தாயிற்று. ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்ற ஒரு பெண். எனக்கு அவரது அரசியலில் ஏகப்பட்ட மாறுபாடு உண்டு. ஆனாலும் அவர் உடலைப் பொம்மையாக்கி ஓட்டுக் கேட்ட அந்தப் படத்தைப் பார்த்தபோது குமட்டியது. பெண்கள் அழுவார்கள், அழுதால் ஓட்டு விழும் என்ற கணக்கைத் தவிர அதற்குள் வேறு என்ன இருந்தது?

முதல் முடிவுகளை வைத்துக்கொண்டு பெண்களைப் படிக்கும் இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக உட்கட்சித் தேர்தல் நடக்கும். 2008 ஜனவரி 3 அன்று முதல் மாநிலமான அயோவாவில் ஒபாமா முதலிடம், எட்வர்ட்ஸ் இரண்டாமிடம், ஹிலாரி கிளிண்டன் மூன்றாமிடம். அங்கே பெண்களிடமே ஹிலாரி பின்தங்கினார் என்று வாக்காளரிடம் எடுத்த கணிப்பு சொன்னது. ஹிலாரி முடிந்தார் என்றார்கள். இரண்டு நாள் கழித்து நடந்த விவாதத்தில், மக்களுக்கு உங்களை அவ்வளவாகப் பிடிக்கவில்லையாமே என்று அவரிடமே கேட்டார்கள். நம் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பதுபோல! வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் ஒரு காப்பிக்கடையில், எப்படி இதையெல்லாம் தாங்குகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்க, ஹிலாரியின் குரல் தழுதழுத்தது, கண் கலங்கியது. மறுநாள் நியூ ஹாம்ப்ஷயரில் அவர் ஜெயித்தார். பெண்களிடம் நல்ல முன்னிலை. உடனே எழுதினார்கள்: கண்ணீர் ஜெயித்தது.

அங்கே பெண்கள் யாருக்குப் போட்டார்கள் என்று கேட்டறியக் கணிப்பாவது இருந்தது. ஏன் போட்டார்கள் என்பதற்கு இருந்தது அதே பழைய படம். ஐந்து நாளில் ஒரு மாநிலத்துப் பெண்களும் இன்னொரு மாநிலத்துப் பெண்களும் வேறு வேறு முடிவு எடுத்திருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு, ஈராக் போர், அனுபவம் என்று அந்தத் தேர்தலில் பேச எத்தனையோ இருந்தன. ஆண்கள் மனம் மாறியிருந்தால் அதற்கு இந்தப் பட்டியலில் காரணம் தேடியிருப்பார்கள்.

ஆனால் அந்த முறையில் நான் பொறாமைப்படும் ஒன்று உண்டு. வேட்பாளர் யார் என்பதையே கட்சி ஆதரவாளர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டம் பூட்டிய அறைக்குள் முடிந்துவிடுகிறது. விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பிறகு ஒரு நாள் பட்டியல். 2021-இல் தி.மு.க. விருப்ப மனுவுக்குப் பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய், பெண்களுக்கும் தனித்தொகுதிக்கும் 15,000. பெண்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு, சீட்டில் கிடையாது. இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் வேட்பாளர்களில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெண்களுக்குத் தரவில்லை. நாம் தமிழர் கட்சி 234-இல் 117 பெண்களை நிறுத்தியது. அவர்கள் பெண்ணைப் பற்றிப் பேசுவதில் எனக்குச் சண்டை நிறைய உண்டு, ஆனாலும் அந்த எண்ணைச் சொல்லாமல் போவது நியாயமல்ல. முடிவில் சட்டமன்றம் போன பெண்கள் 12 பேர். 2016-இல் 21 பேர் போயிருந்தார்கள். அதே 2021-இல் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ பத்து லட்சம் அதிகம்.

இங்கேயே பார்க்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. 2011, 2016, 2021 என்று மூன்று பொதுத்தேர்தல், ஒன்பது வெற்றி. ஒன்பது பேரும் ஆண்கள். அப்படியிருக்க, முடிவு வரும் நாளில் எந்த வேட்பாளர் பெண்களை அதிகம் கவர்ந்தார் என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். பெண்களை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து வந்த ஆண்களில் யாரை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்பதற்குப் பெயர் கவர்ச்சி.

பிரசாரம் முழுக்க அந்தக் கவர்ச்சியின் ஒத்திகைதான். நாகப்பட்டினத்தில் ஒரு வேட்பாளர் தெருவில் உட்கார்ந்து துணி துவைத்தார். வாஷிங் மெஷின் வாக்குறுதிக்கு அது விளம்பரம். இன்னும் பலர் தோசை சுட்டார்கள். கேமரா போனபின் அந்தப் பாத்திரத்தைக் கழுவியது யார் என்று எந்தச் செய்தியிலும் இல்லை. பிறகு ஆரத்தி. எங்கள் பக்கம் தட்டோடு பெண்களை வரிசையாக நிறுத்துவதற்கு முந்தின நாளே தெருவில் கணக்கெடுப்பு நடக்கும். ‘தாய்க்குலத்தின் பேராதரவு’ என்று மறுநாள் பேப்பரில் வரும் படம் அதுதான். பூந்தமல்லியில் இருக்கும் என் அத்தை ஒரே வாரத்தில் மூன்று கட்சிக்கு ஆரத்தி எடுத்திருக்கிறார். “தட்டு என்னுது, கற்பூரம் அவங்களுது,” என்பார். ஓட்டு யாருக்கு என்று கேட்டால் சிரிப்பார். வாசலுக்கு வரும் எல்லோரிடமும் “கண்டிப்பா உங்களுக்குத்தான்ப்பா” என்று சொல்வது இங்குள்ள பெண்களுக்குப் பழகிய கலை. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வாசலில் நிற்கும் பத்துப் பேருக்கு நடுவில் வேறு என்ன சொல்ல முடியும்?

இதுவரை டிவியையும் கட்சிகளையும் குறை சொன்னேன். அதே படம் என் மனதிலும் மாட்டியிருந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப்பொய்.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். 2019-இல் மாநகராட்சியான ஆவடிக்கு அதுதான் முதல் தேர்தல். 48 வார்டுகள், பாதி பெண்களுக்கு. எங்கள் பக்கத்து வார்டில் ஒரு பெண் நின்றார். நாற்பது வயதிருக்கும். ஃபிளெக்ஸில் அவர் படத்தைவிட அவர் கணவரின் படம் பெரியது. கணவர் கைகூப்பியிருந்தார், அவர் பக்கத்தில் வெறுமனே நின்றிருந்தார். பெயருக்கு முன்னால் ‘இன்னாரின் துணைவியார்’. ஆட்டோவில் ஒலித்ததும் கணவரின் குரல். நான் கல்லூரியில் சக ஆசிரியைகளிடம், ஐம்பது சதவீதம் கொடுத்து என்ன பிரயோசனம், எல்லாம் டம்மி என்று சொன்னேன். வகுப்பிலும் சொன்னேன். மாணவிகள் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு மாணவி மட்டும் வகுப்பு முடிந்ததும் வந்தாள். “மேடம், அவங்க எங்க தெருதான். சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப மண்டல ஆபீஸுக்குப் பத்து தடவை நடந்தது அவங்கதான். அவங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ் எந்த மாடின்னே தெரியாது.” நான் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஃபிளெக்ஸைப் பார்த்தேன், முடிவு செய்தேன். ஒன்பது மணிக்கு டிவியில் பேசியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் பெண் வாக்காளருக்குப் பின்னால் ஒரு ஆயிரம் ரூபாயைப் பார்த்தார். நான் பெண் வேட்பாளருக்குப் பின்னால் ஒரு கணவரைப் பார்த்தேன்.

கணவர்கள் பதவியை நடத்தவே இல்லை என்று நான் இப்போது மாற்றிச் சொல்லவில்லை. கவுன்சிலர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசும் ‘வீட்டுக்காரர்’களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம், அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அப்பாவின் படம் போட்டு நிற்கும் மகனை நாம் ‘வாரிசு’ என்று திட்டினாலும் டம்மி என்று சொல்வதில்லை. அவனுக்குச் சொந்தமாக ஆசை இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறோம். அந்த ஆசையைப் பெண்ணுக்குக் கொடுக்க எனக்கே மனம் வரவில்லை.

அந்த பிப்ரவரி 22 அன்று முடிவுகளை வேறு மாதிரி பார்த்தேன். வார்டு சிறியது, சீக்கிரமே தெரிந்துவிடும். அந்த மாணவி போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் முன்னிலை, பிறகு பின்னடைவு, கடைசியில் கொஞ்ச வாக்கில் தோல்வி. மாநகராட்சியில் மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டு, அதற்கு ஒரு ஆண் வந்தார். பக்கத்தில் சென்னைக்கு மேயரானவர் 28 வயது பிரியா. அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். எல்லா டிவியும் அவரைக் காட்டின. எங்கள் பக்கத்து வார்டுப் பெண்ணை யாரும் காட்டவில்லை. தோற்றது பெண் என்பதாலா, கட்சியாலா, ஃபிளெக்ஸாலா? படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிந்து, சொந்தப் பெயர் சொல்லாத காரணத்தால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள், அந்தக் காலம் என்று. 2022-இன் ஃபிளெக்ஸில் இருந்த ‘இன்னாரின் துணைவியார்’ நினைவுக்கு வரும் எனக்கு. கூடவே, அதைப் பார்த்து அவளை நீக்கியது நான் என்பதும்.

2021-இன் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். மத்தியானத்துக்குள் எல்லாம் தெளிவாகிவிட்டது. அம்பத்தூரில் ஜோசப் சாமுவேல், ஆவடியில் நாசர், பூந்தமல்லியில் 90 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் கிருஷ்ணசாமி. அப்பா நோட்டை மூடினார். எங்கள் வீட்டில் நாலு ஓட்டு, நாலும் ஜெயித்த பக்கம் என்று போனில் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

கீரையைத் தாளித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன், “நிஜமா சொல்லும்மா, யாருக்குப் போட்ட?”

“கடுகு வெடிக்குது, தள்ளி நில்லு,” என்றார்.